ரெண்டு மேடைக்கும் ஒரே மைக்

மைக் செட்டு போடுறவனுக்குக் கட்சியும் கிடையாது, சாமியும் கிடையாது. எவர் பேசினாலும் ஸ்பீக்கர் 'கூ'ன்னு கத்தாம இருக்கணும், அம்புட்டுதான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே உக்காந்து காது போன என் சொந்தங்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

எனக்குக் கடை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல. விபூதி பூசுற ஆளுன்னாலும், ராஜபாளையத்துல ஒரு சர்ச்சுக்கு ஞாயித்துக்கிழமை தோறும் நம்ம செட்டுதான்.

பென் டிரைவ் மாறிப்போச்சு

கவுன்சிலர் தேர்தல் சமயம். சனிக்கிழமை கட்சி மேடை, விடிஞ்சா ஆராதனை. தூக்கக் கலக்கத்துல எதையோ சொருகிட்டேன். ஞானப்பாட்டு வர வேண்டிய இடத்துல 'வெற்றி வேட்பாளர் வாராரு'ன்னு பறை அடிச்சுக்கிட்டுக் கிளம்பிருச்சு. பாதி சபை சிரிக்கு, எதிர்க்கட்சிப் பாதி மொறைக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போதகர் மெதுவா இறங்கி வந்து சொன்னாரு:

"தம்பி, இங்க ஒருத்தர் ஏற்கனவே ஜெயிச்சாச்சு. அடுத்த பாட்டப் போடுங்க."

நல்லாக் கேட்ட குழாய்

அந்தச் சர்ச் இருக்க வார்டுல எதிரும் புதிருமா நின்ன ரெண்டு பேரும் அதே சபைதான். எஸ்தர் அக்கா தையல் கடை வச்சிருக்கவ. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். செல்வின் அண்ணாச்சி பாடகர் குழுவுல முன்வரிசை.

ஒருநாள் செல்வின் கட்சி மேடையில ஒரு பேச்சாளன், "புருஷனையே வச்சுக்கிடத் தெரியாதவ வார்ட வச்சுக்கிடுவாளா"ன்னு கேட்டான். கைதட்டு. செல்வின் தலையக் குனிஞ்சாரே தவிர அவனத் தடுக்கல. நான் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது அக்கா வீட்டு வாசல் கம்பத்துல. மறுநாள் காலையில அக்காவே கடைக்கு வந்து நின்னா:

"உன் குழாய் நல்லாக் கேக்குது தம்பி. என் கூட்டத்துக்கும் அதையே கட்டு."

அந்த வாரத்து முறை

அக்கா தோத்துட்டா, செல்வின் ஜெயிச்சுட்டாரு. அந்தச் சபையில ஒரு வழக்கம்: நாட்டுக்காகவும் பதவியில இருக்கவங்களுக்காகவும் வாரம் ஒருத்தர் முறை வச்சு ஜெபம் பண்ணுவாக. ரிசல்ட் வந்த ஞாயிறு அக்கா முறை. அவ இனி இந்த வாசப்படியே மிதிக்க மாட்டான்னு ஊரே பேசுச்சு. வேற ஆளப் போடட்டுமான்னு போதகர் கேட்டதுக்கும் வேண்டாம்னுட்டாளாம்.

வந்தா. மைக் முன்னால நின்னா. செல்வின் பாடகர் வரிசையில முகம் வெளுத்துப்போய் நிக்காரு. ஏடாகூடமா ஏதாவது வந்தா உடனே குறைச்சிருவோம்னு நான் வால்யூம் திருகுலயே கைய வச்சிருந்தேன். பிரதமர், முதலமைச்சர், கலெக்டர் வரைக்கும் வந்துட்டா. அடுத்தது கவுன்சிலர். ஃபேன் சத்தம் மட்டும் ஸ்பீக்கர்ல கேக்குது. மைக்கக் கிட்ட இழுத்துச் சொன்னா:

"எங்க கவுன்சிலர் செல்வினுக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் தாரும் ஆண்டவரே. அவர் பேரச் சொல்லும்போது என் வாய் கசக்குது. அந்தக் கசப்பு போற வரைக்கும் தினமும் சொல்ல எனக்குக் கிருபை தாரும்."

செல்வின் துண்ட வச்சு முகத்தப் பொத்திக்கிட்டாரு. அதுக்கப்புறம் பாட்டு ஆரம்பிக்கவே நேரமாச்சு.

எல்லார் சத்தத்தையும் கூட்டிக் கொடுத்தே சோறு திங்குற எனக்கு, அந்தத் திருகத் திருப்பவே வேலையில்லாத சத்தம்னு இத்தன வருசத்துல அந்த ஒண்ணுதான்.