நெட் சென்டரில் வளர்ந்த ஆங்கிலம்

எனக்கு எப்போதுமே வேண்டாத வேலைதான். கொடைக்கானலில் ஹோட்டல்களில் வேலை செய்யும் பெண்களுக்கு, கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மதியங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதச் சொன்னால் எல்லோரும் லீவ் லெட்டரையே எழுதிக்கொண்டு வந்தார்கள். சரி, அப்போது ஊரே ஸ்கிராப் என்று சேதி அனுப்பிக்கொண்டிருந்த சமூக வலைத்தளத்தில் ஒரு குழு தொடங்கி, நெட் சென்டருக்குப் போய் அன்றாடம் நடந்ததை அதில் நாலு வரி எழுதுங்கள் என்றேன்.

வந்ததைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். வடகவுஞ்சி பஸ் வரவில்லை என்று எழுதியவளும் 'மரியாதைக்குரிய ஐயா' என்று தொடங்கி 'மன்னிக்கவும்' என்றுதான் முடித்திருந்தாள். பஸ் வராததற்கு இவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள்?

ஒருத்தி மட்டும் ஐயாவை விட்டுவிட்டு எழுதினாள். சிலோன் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவள். ரிசப்ஷனில் ஓர் இடம் காலியாகப் போகிறது, ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரிந்தால் அவளுக்கே தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இடுப்புவலியோடு இன்னொரு சீசன் மெத்தை தூக்க அவளால் முடியாது. அறையின் குளியல் தொட்டியில் நாயைக் குளிப்பாட்டிவிட்டுப் போன ஒரு குடும்பத்தைப் பற்றி ஒன்பது வரி எழுதியிருந்தாள். நான் அதற்குக் கீழேயே, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி, பதினான்கு பிழைகளையும் வரிசையாகப் போட்டேன். மற்றவர்களும் கற்றுக்கொள்ளட்டுமே என்ற நல்லெண்ணம்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் எழுத்தில் ஒரு பிழை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே மேனேஜரிடம் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து ஹோட்டலுக்குப் போனால், ரிசப்ஷனில், நெட் சென்டரில் டைப் அடித்துத் தரும் பெண் உட்கார்ந்திருக்கிறாள். "வாங்க டீச்சர், திருத்தி அடிச்சது நான்தான்னு அவங்களே மேனேஜர்கிட்ட சொல்லிட்டாங்க" என்று சிரிக்க வேறு செய்தாள்.

எங்கள் ஊரில் நெட் சென்டருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தாமாக டைப் அடிப்பதில்லை. தாளில் எழுதிக் கொடுத்தால் அங்கிருப்பவர்களே திருத்தி, அடித்துத் தருவார்கள். மனுவுக்கும் பயோடேட்டாவுக்கும் அதுதான் வழக்கம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். இத்தனை நாள் நான் பாராட்டியது யாரை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மாடியில் என் மாணவி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். உன்னை யார் உண்மையைச் சொல்லச் சொன்னது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"மேனேஜர் எதிர்ல உட்கார வச்சு எழுதச் சொன்னாருங்க டீச்சர். கை ஓடல. அப்ப இதெல்லாம் யாரு எழுதினதுன்னு கேட்டாரு, சொல்லிட்டேன். நாயப் பத்தி எழுதினது மட்டும் நானே அடிச்சது, அதக் காட்டலாம்னு பாத்தேன். அதுக்குக் கீழ நீங்க போட்டது அம்புட்டும் அப்படியே கெடக்கே, எப்படிங்க காட்டுறது?"