எறிந்தே வெல்ல இரண்டு வழிகள்

ஆனந்தராஜா நல்ல மனிதர். பத்தொன்பது வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். குறுக்கே பாயும் சைக்கிள்காரனைக்கூட ஏசியதில்லை. ஆனாலும் அவர் குடியிருக்கும் பியோர்ண்டால் பகுதியில் தமிழ் ஆட்கள் அவரைக் கண்டால் மெல்ல மறுபக்கம் மாறிவிடுவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் ஃபுட்போலைப் பற்றி ஒருமுறை தொடங்கினால் மனிதருக்கு நிறுத்தத் தெரியாது.

எல்லாம் 2003இல் வந்த வினை. மனைவி கிருஷ்ணகுமாரி பார்க்கும் தமிழ்ச் சேனல் மங்கலாகிவிட்டதென்று பல்கனியில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினார். தமிழ் போய் அமெரிக்கா வந்தது. காலின் பெயரை வைத்துக்கொண்டு கையால் ஆடுகிறார்களே என்று முதல் சனிக்கிழமை விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவது சனிக்கிழமை கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினார்.

அவருடைய பைத்தியம் முழு விளையாட்டின் மேலும் இல்லை. ஆட்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, பந்தை எறிந்தெறிந்தே முன்னேறும் குழுக்கள் மீதுதான். அதிலும் இரண்டு வகை. டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகம் ஆடுவது ‘ஏர் ரெய்ட்’: பாடம் கொஞ்சம், பழக்கம் அதிகம், அதே சில ஆட்டங்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஆடுவார்கள். ஹவாய் ஆடுவது ‘ரன் அண்ட் ஷூட்’: பந்தைப் பிடிக்க ஓடுபவன் எதிராளி நிற்கும் இடத்தைப் பார்த்து, ஓடும்போதே பாதையை மாற்றுவான், எறிபவனும் அதே கணத்தில் அதையே கண்டிருக்க வேண்டும். ஆனந்தராஜா ஹவாய் பக்கம். இரண்டையும் ஒப்பிட்டு நாலு கொப்பி நிரப்பியிருந்தார். கேட்கத்தான் ஒரு காதும் கிடைக்கவில்லை.

2008 வசந்தத்தில் ஒரு ஞாயிறு, ஸ்தவாங்கர் நகரிலிருந்து இளங்கோவும் மனைவி புஷ்பராணியும் சம்பந்தம் பேச வந்தார்கள். அவர்களுடைய மகனை ஆனந்தராஜாவின் மகள் ராகவி விரும்பியிருந்தாள். அந்தத் தகப்பன் கொஞ்சம் முற்கோபி என்றும் சொல்லி வைத்திருந்தாள்.

“இஞ்சருங்கோ, அந்த விளையாட்டைப் பற்றி வாயே திறக்கப்படாது. பிள்ளையின்ர வாழ்க்கை,” என்றாள் கிருஷ்ணகுமாரி.

ஆனந்தராஜா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அரை மணிநேரம் மழையைப் பற்றியே பேசிச் சமாளித்தார். பிறகு இளங்கோ, தான் எண்ணெய்க் கம்பனியில் அமெரிக்கர்களோடு வேலை செய்வதைச் சொல்லத் தொடங்கினார்.

“சனிக்கிழமையில அவங்களோட இருந்து அவங்கட ஃபுட்போல் பாக்கிறனான். டெக்ஸாஸ் டெக். அது உங்களுக்கு விளங்காது.”

“விளங்கும்,” என்றார் ஆனந்தராஜா.

ஒரு சொல்தான் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் பலகாரத் தட்டு மைதானமாகிவிட்டது. அரியதரம் ஹவாய்க்காரர், வடை எதிராளிகள்.

“பாருங்கோ அண்ணை, இந்த வடை இஞ்சால விலகினால் என்ர ஆள் அங்கால வெட்டுவான். ஆர் மறிக்கிறது?”

“எறியிறவன் பிழையாப் பாத்தால்? எங்கட பெடியளுக்கு அந்தக் கரைச்சலே இல்லை. பழகினதை ஆடுவாங்கள்.” சொல்லிக்கொண்டே இளங்கோ எதிராளியை எடுத்துக் கடித்துவிட்டார்.

“அவன் நிண்டாத்தானே என்ர ஆள் பாத்து ஓடுவான்! அவனைத் தின்னுறியள்! பழகினதை ஆடி எந்த வருசம் அண்ணை சம்பியன் ஆனவை?”

“உங்கட ஹவாய்க்கு இந்தப் புதுவருசத்தண்டு ஜோர்ஜியா என்ன குடுத்தவை? நாப்பத்தொண்டுக்குப் பத்து!”

அந்தத் தோல்வியை ஆனந்தராஜாவிடம் இதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. “எழும்பி நிண்டு கத்தாதேங்கோ, இது என்ர வீடு!” என்று சீறிவிட்டார்.

“புஷ்பம், எழும்பு. போவம்.”

குசினி வாசலில் நின்ற ராகவியின் கண் நிறைந்திருந்தது. ஐந்து வருடமாக இப்படி ஒரு ஆளுக்காக ஏங்கி, வந்த அன்றே மகளின் தலையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று ஆனந்தராஜா நொந்துபோனார்.

கிருஷ்ணகுமாரி நிலைமையைக் காப்பாற்றக் கையில் கிடைத்ததைப் பிடித்தாள். “இருங்கோ, இருங்கோ. ஐயரிட்டை நாளும் கேட்டு வைச்சனாங்கள். வாற ஐப்பசியில நல்ல முகூர்த்தம் ஒண்டு இருக்காம். சனிக்கிழமை.”

“சனிக்கிழமையோ? ஏலாது!”

இரண்டு தகப்பன்மாரும் ஒரே குரலில் கத்தினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளங்கோ மெல்ல உட்கார்ந்தார்.

“ஐப்பசியில எப்பிடி அண்ணை? ஆட்டம் எல்லாம் சூடு பிடிக்கிற நேரம்.”

“அதுதானே! அடுத்த வைகாசியில வைப்பம்.”

“ஓம், வைகாசியில ஒரு ஆட்டமும் நடவாது.” இளங்கோ தட்டிலிருந்து புதிதாக ஒரு வடையை எடுத்து, தான் தின்ற எதிராளியின் இடத்தில் வைத்தார். “சரி, இவன் இஞ்சை நிக்கிறான். இப்ப சொல்லுங்கோ, உங்கட ஆள் எங்காலை ஓடுவான்?”

ராகவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயின் தோளைச் சுரண்டினாள்.

“அம்மா, இவை ரெண்டு பேருக்கும் பொருத்தம் சரி. இனி எங்கட சாதகத்தையும் ஒருக்காப் பாருங்கோ.”