வள்ளத்தின் எட்டு எழுத்து

எட்டு இங்கிலிஷ் எழுத்தை வைத்து ஒரு மனிசனின் தொழிலைப் பறிக்க முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்? முடியும். என் வாப்பாவுக்கு நடந்தது. காரணம் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

கறுப்புப் பெயின்ட் வாசமும் வெயிலில் காய்கிற சூடை மீன் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் அந்த எழுத்துகள் எனக்கு வரிசையாக வந்து நிற்கும்: ஓ, எஃப், ஆர், பி, ஏ, பிறகு ஓர் இலக்கம், அதன் பின்னால் பி, டி, எம். தலவிலவுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கரையில் கிடந்த ஃபைபர் வள்ளங்கள் எல்லாவற்றுக்கும் இதே பதிவெழுத்துகள்தான், இலக்கம் மட்டுமே மாறும். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷுக்கு டீச்சர் இல்லை. எங்கள் வீட்டில் அட்டை கிழிந்த டிக்‌ஷனரி ஒன்று இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்து நிழலில் உட்கார்ந்து, அந்த எட்டு எழுத்துக்குள் எத்தனை சொல் ஒளிந்திருக்கிறது என்று தோண்டுவதுதான் என் வேலை. சட்டம் நானே போட்டது: பி இரண்டு தரம் வரலாம், மற்றவை ஒரே தரம், அர்த்தம் தெரியாத சொல் செல்லாது. எலிக்கு ரட், வரைபடத்துக்கு மப், பண்ணைக்கு ஃபார்ம், தெப்பத்துக்கு ராஃப்ட், அணுவுக்கு அட்டம் என்று கொப்பி நிறைந்துகொண்டே போனது. "கிறுக்கினது போதும், குர்ஆன் ஓதப் போ" என்று உம்மா கத்துவார். கொப்பியோடு ஓதப் போவேன்.

வாப்பா ஏழு வருடமாகத் தன் நானாவின், அதாவது என் பெரிய வாப்பாவின், வள்ளத்தில் வலை இழுத்தவர். வருடத்துக்கு ஒருமுறை அந்த வள்ளத்துக்குப் புதிதாக இலக்கம் அடிப்பார்கள். அந்த முறை தகரத்தில் மிஞ்சிய பெயின்டை ஈர்க்கிலால் தொட்டு, இலக்கத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சொல் எழுதிவிட்டேன்: ட்ரப். மீன் பிடிக்கிற வள்ளத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எதுவென்று இன்றும் கேட்கிறேன்.

மூன்று நாள் அந்த வள்ளம் வெறுமையாக வந்தது. நான்காம் நாள் பெரிய வாப்பா எழுத்தைக் கண்டார்.

"என்ன புள்ள இது?"

"ட்ரப். பொறி எண்டு அர்த்தம்."

"பொறியா? பொம்புளப் புள்ள வள்ளத்தத் தொட்டதே முசீபத்து. இதுல பொறியெண்டு எழுதி வேற வெச்சிரிக்கா. மீனு எப்பிடி வரும்?"

பக்கத்து வள்ளத்துக்காரர் அந்தோனி மாமா, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கவேயில்லை. "மீனுக்கும் இங்கிலிஷ் வெளங்குது போல நானா. எங்கட பெடியனுக்குத்தான் இன்னும் வெளங்குதில்ல."

கரை முழுக்கச் சிரித்தது. பெரிய வாப்பா மண்ணெண்ணெய்த் துணியால் சொல்லைத் தேய்த்து அழித்துவிட்டு வாப்பாவைப் பார்த்தார். "இனி இவ என்ட வள்ளத்தத் தொட்டா, நீ வேற வள்ளம் பாத்துக்க."

வாப்பா என்னை ஏசவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஆனால் கவனியுங்கள், பெரிய வாப்பா சொன்னது தன் வள்ளத்தை மட்டும். மற்ற வள்ளங்களைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஆட்கள் அன்று கடலுக்குப் போக மாட்டார்கள். ஜும்மா தொழுகை நேரம் கரையில் ஓர் ஆண்பிள்ளைகூட இல்லை. என் கணக்கு நேரானது: பெரிய வாப்பா சொன்ன முசீபத்து, அந்தக் கேடு, என் எழுத்தில் இருந்தால் நான் எழுதும் எல்லா வள்ளமும் வெறுமையாக வரவேண்டும், ஒன்று மீனோடு வந்தாலும் பெரிய வாப்பா வாப்பாவை மிரட்டுவதை விட்டுவிட வேண்டும். பெரிய வாப்பாவின் வள்ளத்தை விட்டுவிட்டு மற்றப் பதினொன்றிலும் ஒவ்வொரு சொல் எழுதினேன். கடைசி வள்ளத்துக்கு வந்தபோது அந்தோனி மாமா பின்னால் நின்றார். ஜும்மா அவருக்கு இல்லை என்பதை நான் மறந்துவிட்டேன்.

"என்ட வள்ளத்துக்குச் சின்னச் சொல் வேணாம். பெருசா ஒண்டு போடு."

ஆறு எழுத்தில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃபோர்மட் என்று எழுதினேன், வடிவமைப்பு என்று அர்த்தம்.

அன்று இரவு போன வள்ளங்கள் சனிக்கிழமை காலை வந்தன. ராஃப்ட் என்று எழுதியது பரவாயில்லை. ரட் என்று எழுதியதன் வலை கிழிந்திருந்தது. இரண்டு வெறுமை. அந்தோனி மாமாவின் வள்ளத்தில் கீரி மீன் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தது. ஒரு சொல்லும் இல்லாத பெரிய வாப்பாவின் வள்ளத்தில் ஒரு பிடி மீன்கூட இல்லை.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பெரிய வாப்பா வரிசையாக எல்லா வள்ளத்தையும் பார்த்துக்கொண்டு வந்து வாப்பாவின் முன்னால் நின்றார்.

"பாத்தியா? மத்தவங்களுக்கெல்லாம் எழுதி மீன அந்தப் பக்கம் திருப்பிட்டா."

"அப்ப எழுதினா மீன் வரும் எண்டு நீங்களே சொல்றீங்க நானா" என்றார் அந்தோனி மாமா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"புள்ளய மன்னிப்புக் கேக்கச் சொல்லு. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லு. இல்லாட்டிப் போ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாப்பா குனிந்து தன் சோற்று வாளியை எடுத்தார். "வல இழுக்கிற கை எந்த வள்ளத்துலயும் இழுக்கும் நானா. புள்ள படிச்சத அழிக்கச் சொல்லி என்ட வாயால வராது." பன்னிரண்டு அடி நடந்து அந்தோனி மாமாவின் வள்ளத்தில் வாளியை வைத்தார். அன்று முழுக்க உம்மா என்னோடு கதைக்கவில்லை. மன்னிப்புக் கேள் என்று ஊரே சொன்னது. கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்க மாட்டேன்.

இப்போது அந்தக் கரையில் பாதி ஹோட்டல் வேலிக்குள் போய்விட்டது. டிக்‌ஷனரியைக் கறையான் தின்றுவிட்டது. வள்ளங்களுக்கு இலக்கத்தை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டுகிறார்கள், அதற்குக் கீழே சொல் தேடுகிற பிள்ளைகளும் இல்லை. அந்தோனி மாமா மட்டும் ஸ்டிக்கர் வேண்டாம் என்கிறார். டிகிரி முடித்து வந்த பிறகும் அவருடைய வள்ளத்துக்கு நான்தான் எழுதுகிறேன். நேற்று முன்தினம் இலக்கத்தைப் புதுப்பித்து, கீழே ஃபோர்மட்டையும் திரும்ப எழுதினேன். வாப்பா இன்று அதில் போனார். சற்று முன் வந்தார்கள். மீன் இல்லை. சொல் இருக்கிறது.