நான் நடந்த மலையும் அவர் ஏறிய மேடையும்

என் கணவர் பொய் சொல்லுவார் என்பது கலியாணமாகி மூன்றாம் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பொய்க்கு மாலை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, கை தட்டவும் ஆட்கள் இருப்பார்கள் என்பதை வன்னிக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

அவர் குளங்கள் பார்க்கும் எஞ்சினியர். ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார். பிள்ளைகள் இல்லாதபடியால் நானும் கூடப் போனேன். பயிற்சி முடிந்தபோது ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. கூடப் படித்த வெள்ளைக்காரர்கள் கோடை விடுமுறையில் சைக்கிளில் ஐரோப்பா சுற்றுவதைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டு இவருக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய சைக்கிள் இரண்டு வாங்கினார். ஒல்லாந்தில் இறங்கி, ஜெர்மனியில் ரைன் ஆற்றோடு போய், சுவிஸ் மலைகளைக் கடந்து, இத்தாலியில் கப்பலைப் பிடிப்பது திட்டம். நான் சைக்கிள் ஓடப் பழகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

முதல் நாளே என் சேலை சங்கிலிக்குள் சிக்கியது. ஒல்லாந்தில் ஒரு வாய்க்கால் ஓரமாக, எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ரோட்டில் சரிந்தேன். பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து, கையெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு சேலையை இழுத்தெடுத்தார்கள். என் கணவர் தள்ளி நின்று வரைபடத்தைப் பார்த்தார்.

“கெதியா எழும்பு, சனம் சேருது” என்றார்.

மறுநாள் அவருடைய காக்கிக் களிசான் ஒன்றுக்குள் காலை விட்டு, இடுப்பில் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து அவர் எனக்குக் கால் மைல் முன்னால் போகத் தொடங்கினார். களிசான் போட்ட பெண் தன்னோடு வந்தவள் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். அந்த ரோட்டில் எங்கள் நிறத்தில் வேறு ஒரு சீவனும் இல்லை. யார் யாரோடு வந்தவர் என்று கண்டுபிடிக்க எந்த ஒல்லாந்தனுக்கும் பெரிய மூளை தேவைப்பட்டிருக்காது.

ஐரோப்பாவையும் நான் மெச்சவில்லை. ரைன் கரையில் நாங்கள் தங்கிய ஒரு வீட்டின் சொந்தக்காரி, காலையில் எங்கள் துவாய்களை யன்னல் வெளிச்சத்தில் விரித்து, எங்கள் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். எங்கள் கண் முன்னாலேயே பார்த்தாள். இவர் அவளுக்கு மூன்று தரம் நன்றி சொன்னார். பிறகு அவள் கொடுத்த பன்றி இறைச்சிச் சொசேச்சை எனக்கு வைத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

சுவிஸில் மலை தொடங்கியதும் அவருக்கு முழங்கால் நோ வந்தது. கணவாய்க்கு ஏறும் கடைசி ஊரில் மஞ்சள் நிறத் தபால் பஸ் ஒன்று நின்றது. அதில் ஓர் இடம்தான் இருந்தது.

“நீ மெதுவா நடந்து வா. நான் சைக்கிள் ரெண்டையும் ஏத்திக்கொண்டு போய் மேல நிக்கிறன்” என்றார்.

“நடுவழியில மழை வந்தா?”

“இது என்ன, யானைக்காடே? நல்ல ரோட்டு.”

பஸ் போய்விட்டது. நான் ஒரு தடியை முறித்து எடுத்துக்கொண்டு நடந்தேன். அரைவாசித் தூரத்தில் மலைப் புகார் வெள்ளை மூட்டமாக இறங்கி, நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போனது. மாட்டு மணிச் சத்தம் வந்த பக்கம் போனேன். ஒரு கல் கொட்டிலில் இருந்த மனிசி என்னைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, அடுப்பங்கரையில் இருத்தி, சுடச்சுடப் பால் தந்தாள். புகார் விலகியதும் ரோட்டுவரை கொண்டுவந்து விட்டாள். அந்தப் பயணத்தில் நான் மதிக்கும் ஆள் அவள் ஒருத்திதான். அவளுடைய பாஷைகூட எனக்குத் தெரியாது.

ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு உச்சிக்கு வந்தேன். ரோட்டோரம் பனி கணுக்காலளவு கிடந்தது. இவர் அங்கிருந்த ஹோட்டலில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

பிறகு வெளியே வந்தார். என் கையிலிருந்த தடியை வாங்கினார். உச்சியைக் காட்டும் கல்லில் ஒரு காலைத் தூக்கி வைத்து, தூரத்தைப் பார்த்தபடி நின்று, கமராவை என்னிடம் நீட்டினார். நான் படம் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

நாடு திரும்பியதும் அவரை வன்னியில் இருக்கும் மாங்குளத்துக்கு மாற்றினார்கள். சைக்கிள்களும் எங்களோடு வந்தன. சுற்றிவரக் காடு, குளம், புதுக் கொலனிகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய சனம். பேச ஆளில்லாமல் ஒரு வருடம் புழுங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வாசிகசாலைத் திறப்பு விழாவில் மேடை கிடைத்தது. அதோடு பிடித்தது அந்த நோய். தலைப்பு, ‘ஐரோப்பாவில் ஆறு வாரங்கள்’. படங்களைப் பெருப்பித்து மட்டையில் ஒட்டி, ஒரு பையில் வைத்துக்கொண்டு ஊரூராகப் போவார். பக்கத்துக் கதிரையில் நான்.

அவர் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். ஆறு கிழமையும் மரக்கறியைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லையாம். துவாய் பார்த்தவள் எங்களைத் தெய்வங்கள் போல உபசரித்தாளாம். “என் மனைவி ஒரு நாளாவது சேலையை விட்டாளில்லை! ஒல்லாந்தின் புயற்காற்றிலும் தமிழ்ப் பெண்ணின் பண்பாடு பறக்கவில்லை!” என்பார். இந்த இடத்தில் தலைமையாசிரியர்மார் தவறாமல் கை தட்டுவார்கள். அவர்களிலும் எனக்கு மரியாதை இல்லை. தங்களுடைய மனைவிமாரை வேலியடி வரைக்கும் தனியே விடாதவர்கள் என் சேலையின் மானத்துக்குக் கண் கலங்கினார்கள்.

கடைசியில் மலை. “மனைவியால் ஏற முடியவில்லை. அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் தனியே நடந்தேன். சுற்றிவரப் பனி!” என்று சொல்லி, அந்தப் படத்தை உயர்த்திக் காட்டுவார்.

முதல் தரம் கேட்டபோது எனக்குக் காது அடைத்தது. ஜீப்பில் வரும்போது கேட்டேன்.

“நான் நடந்ததை நீங்கள் நடந்தது எண்டு ஏன் சொன்னனீங்கள்?”

“பொம்பிளையைத் தனிய நடக்க விட்டனான் எண்டு சொன்னா சனம் என்ன நினைக்கும்?” என்றார். அதற்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்குப் போய், அதே கதிரையில் இருந்து, அதே இடத்தில் தலையை ஆட்டினேன். அவரை நான் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது எழுதுவது சுகம். அன்றைக்குத் தலையாட்டிய கழுத்தும் என்னுடையதுதான்.

துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். கொண்டுவந்த மனிசி வயலில் வேலை செய்யும் ஆள், கைகள் காய்த்திருந்தன. என் பக்கம் குனிந்து, “அக்கா, கோவியாதேங்கோ. நான் சீலையோட ஒருநாள் என்ர மனிசன்ர சைக்கிளில ஏறிப் பார்த்தனான், சங்கிலி இழுத்து விழுத்திப்போட்டுது. நீங்கள் எப்பிடி ஓடினனீங்கள்?” என்று கேட்டாள்.

கேள்வி என்றால் அது. அவ்வளவு நாளும் ஒரு தலைமையாசிரியருக்கும் வராத கேள்வி.

“நான் சீலையோட ஓடயில்லை. களிசான் போட்டு ஓடினனான்” என்றேன், சபைக்கே கேட்க. “மலையில நடந்ததும் நான்தான். பஸ்ஸில போனது இவர்.”

என் கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “இவவுக்கு எப்பவும் பகிடிதான்!” என்றார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா நல்ல நகைச்சுவை” என்று என்னைப் பாராட்டினார். தேத்தண்ணி கொண்டுவந்த மனிசி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டம் வற்றாப்பளைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில், ஆடி மாதம், பின்னேரம் மூன்று மணிக்கு. வேலை விஷயமாக இவர் முதல் நாளே ஜீப்பில் போய்விட்டார். எனக்குத் தலையிடி என்று வீட்டில் நின்றுகொண்டேன். மறுநாள் காலையில் காக்கிக் களிசானைத் தேடி எடுத்தேன். அதே வாரால் இறுக்கி, கொண்டையை அவருடைய தொப்பிக்குள் மறைத்தேன். இரண்டு சைக்கிளுக்கும் காற்று அடித்துப் பார்த்து, என்னுடையதை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு வெளிக்கிட்டேன்.

இருபத்தெட்டு மைல் இருக்கும். செம்மண் ரோட்டு, இரண்டு பக்கமும் காடு. பெரிய வீரம் என்று சொல்ல மாட்டேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் பிடித்துத் தள்ளியது. பாலை மரங்களின் கீழே பழம் பொறுக்கிய ஆட்கள் நிமிர்ந்து வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒட்டுசுட்டானுக்கு முன்னால் ஒரு வண்டில்காரர் என் தொப்பியையும் களிசானையும் பார்த்துவிட்டு, “தம்பி, நெருப்புப்பெட்டி இருக்கோ?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா.”

குரலைக் கேட்டதும் சுருட்டு அவர் வாயிலிருந்து விழுந்தது. “ஐயோ பிள்ளை, யானை நிக்கிற இடம், பாத்துப் போங்கோ” என்றார். வளைவு வரைக்கும் வண்டிலை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். யானை வரவில்லை. வெயில்தான் கொன்றது. ஒட்டுசுட்டானில் மர நிழலில் ஒரு மணித்தியாலம் படுத்தெழும்பிப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மலையில் பாதி ஏறியிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். தலை முதல் கால் வரை செம்புழுதி. தலைமையாசிரியர் எழும்பி ஓடி வந்தார்.

“ஆரம்மா நீங்கள்?”

“அவர் பஸ்ஸில ஏத்தி விட்ட ஆள்” என்றேன்.

மேடையில் இருந்தவர் என்னைக் கண்டார். முகம் ஒருதரம் செத்துப் பிறகு உயிர்த்தது. “சபையோரே! இதோ என் மனைவி! சைக்கிள் பயணம் எப்படி என்பதை உங்களுக்குச் செய்து காட்டவே அவளை இப்படி வரச் சொன்னேன்!” என்று கையை நீட்டினார். சபை கை தட்டியது. அதையும் எடுத்துக்கொண்டார் பாருங்கள். இருபத்தெட்டு மைல், அரை நிமிஷத்தில்.

அப்போது பின்வரிசையில் சால்வையைத் தோளில் போட்டபடி வயல் செய்யும் ஒரு கமக்காரர் எழும்பினார்.

“அம்மா எங்கேயிருந்து வாறியள்?”

“மாங்குளத்தால.”

“எஞ்சினியர் ஐயா எதில வந்தனீங்கள்?”

என் கணவர் தலைமையாசிரியரைப் பார்த்தார். “நான்... ஜீப்பில.”

“ஓம், வெளியில நிக்குது, பாத்தனாங்கள்” என்றார் கமக்காரர். “அப்ப அந்த மலையில பஸ்ஸில போனது ஆர் ஐயா?”

பெண்கள் பக்கத்தில்தான் முதற் சிரிப்பு வெடித்தது. பிறகு மண்டபம் முழுதும். இவர் படத்தை உயர்த்திக் காட்டினார். “தடியோட நிக்கிறதைப் பாருங்கோ!” என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. ஒருவர் தண்ணீர் தந்தார். நான் குடித்துவிட்டு, நின்றபடியே, சேலை சிக்கியதிலிருந்து கொட்டிலில் குடித்த பால் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். சொசேச்சையையும் விடவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் மட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார்.

என் சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு ஜீப்பில் திரும்பினோம்.

“என்னை வெட்கப்படுத்திப்போட்டாய்” என்றார், ஒட்டுசுட்டான் தாண்டும்போது.

“நீங்கள் சொன்னதில எது உண்மை?”

“எல்லாம் உண்மைதானே. ரெண்டு பேரும் சேர்ந்து போன பயணம். அதில ஆர் நடந்தா என்ன?”

கோபத்தில் சொன்னதல்ல. உண்மையாகவே அவருக்கு வித்தியாசம் விளங்கவில்லை. பொய்யன் என்று நான் நினைத்தது அவருக்குக் கொடுத்த மரியாதை என்று அப்போதுதான் தெரிந்தது. பொய்யனுக்காவது உண்மை எது என்று தெரியும்.

அதற்குப் பிறகு அவரை ஒருவரும் பேசக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு ஊர்களுக்குப் போனேன். முதல் ஊரில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டாவது கொக்கிளாய். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்கள், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் மலைக்கு வந்ததும் மூச்சு விடாமல் இருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தபடி, “பனி முழங்கால் வரைக்கும் கிடந்துது” என்றேன்.

“ஐயோ!” என்றார்கள். என் நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ ஓடியது. கை தட்டல் முடியுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது, பன்னிரண்டு ஊரில் என் பக்கத்தில் நின்ற மனிசனுக்கு என்ன நடந்தது என்று.

“முழங்கால் இல்லை, கணுக்கால்” என்று திருத்தினேன். அது ஒருவருடைய காதிலும் விழவில்லை. மாலையைக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு நான் எந்த ஊருக்கும் போகவில்லை.