நாலு பேர் முன்னால் திருத்தியது

பதினெட்டு வருடமாகப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சிவப்புப் பேனாவைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வர எனக்குத் தெரியாது. அதுதான் என் வியாதி.

வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் மாலுமி. பரீட்சை எழுதி அதிகாரி ஆக வேண்டுமென்று ஆசை. எழுத்துத் தேர்வை ஒப்பேற்றிவிடுவார். வாய்மொழித் தேர்வில்தான் ஆங்கிலம் பேச வேண்டும். அதற்காக, விடுப்பில் வந்தவர் மீன் வாங்கப் போனாலும் ஆங்கிலத்திலேயே பேசிப் பழகினார். "ஏளா, உன் வீட்டுக்காரருக்கு என்னாச்சு?" என்று மீன்கார அக்கா என்னிடமே கேட்டாள்.

மாதா கோயில் திருவிழாவுக்கு என் பள்ளி ஆசிரியைகளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சீலா மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே, கப்பலில் கண்டெய்னர்களைப் பிணைக்கும் பூட்டைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். துருப்பிடித்திருந்தாலும் எண்ணெய் விட்டால் அது 'அன்லாக்கபிள்' என்றார், திறந்துவிடலாம் என்ற அர்த்தத்தில்.

எனக்குப் பொறுக்குமா? "அன்லாக்கபிள்னா பூட்ட முடியாதது. பூட்ட முடியாத பூட்டை வச்சா கண்டெய்னரைக் கட்டுதீங்க?" என்று கேட்டுச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று தமிழில் கேட்டார். அதன்பின் ஆங்கிலத்தை விட்டுவிட்டார். பரீட்சை விண்ணப்பமும் அலமாரியிலேயே கிடந்தது. ஏன் என்றதற்கு, "நீயே சிரிக்க. அங்கன போயி என்னத்தப் பேச?" என்றார்.

அடுத்த மாதம் பதினோராம் வகுப்பில் முன்னொட்டும் பின்னொட்டும் நடத்தும்போது அதே சொல் வந்தது. சந்தேகத்துக்கு அகராதியைப் புரட்டினேன். இரண்டு அர்த்தமும் போட்டிருந்தது. "ரெண்டும் சரி, எழுதிக்கோங்க" என்று பிள்ளைகளிடம் கூசாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தலைகுனிய மனமில்லை, அவ்வளவுதான். அவர் பழைய வேலைக்கே கப்பலேறினார்.

போன வாரம் கப்பலிலிருந்து பேசினார். அவரிடம் கயிறு கட்டப் பழகியவன் இப்போது அங்கே அதிகாரியாம். "அவன் ஆர்டர் போடுதான், நான் சார்னு கூப்பிடுதேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு தாங்கவில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னதும் சரிதான் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ளா. கப்பல் புஸ்தகத்துல அப்படித்தான போட்டிருக்கு."

"பிறகு ஏன் சொல்லல?"

"உன் ஸ்கூல் டீச்சர்மாரு உக்காந்திருந்தாவல்லா. அவுக முன்னால உன்னை எப்படித் தலைகுனிய வைக்க?"