போதி மரத்தடியில் ஒரு டிரங்க் கால்

போன மாதம் நானும் என் மனைவி சரோஜாவும் டூர் பஸ்ஸில் காசி, கயா போய் வந்தோம். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால்தான் அவள் மார்பிலிருந்த கட்டியில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வரப் பத்து நாள். டூரை ரத்து செய்துவிடலாம் என்றேன்.

"ஆரப்பாளையத்து வீட்டுல உக்காந்து சுவத்தப் பாக்கவா? போவோம்" என்றாள்.

ரிசல்ட் வர வேண்டிய அந்தப் பத்தாவது நாள் புத்தகயாவில் இருந்தோம். ஆற்றங்கரையில் ஓங்கி நிற்கும் பழைய கோயில். ஆறு? நம் வைகை மாதிரி முழுக்க மணல்தான். புத்தர் ஞானம் பெற்ற இடம், ஒரு மணி நேரம் டயம் என்றார் கைடு.

எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. கோயிலைச் சுற்றினேன்... வாட்சைப் பார்த்தேன்... மறுபடி சுற்றினேன்.

"செத்த உக்காருங்களேன்" என்றாள் சரோஜா, போதி மரத்தடியில்.

"போன் பண்ணிட்டு வாரேன்."

"சாயங்காலம் பண்ணலாம். இப்ப இருங்க."

இருப்பேனா? போஸ்ட் ஆபீஸுக்கு ஓடினேன். திருமங்கலத்தில் கடை வைத்திருக்கும் மைத்துனனிடம்தான் ரிசல்ட்டை வாங்கிவைக்கச் சொல்லியிருந்தேன். அவனுக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டு, பெஞ்சில் உட்காருவதும் எழுவதுமாக முக்கால் மணி நேரம். ஒருவழியாக லைன் கிடைத்தது.

"மச்சான், வெறும் கொழுப்புக் கட்டிதானாம். அக்காட்ட சொல்லிருங்க."

திரும்ப ஓடினேன். சரோஜாவின் கண்கள் சிவந்திருந்தன. பக்கத்தில், பார்த்தால் பர்மாக்கார யாத்ரீகர் போலிருந்த ஒரு அம்மாள், அவள் கையைப் பிடித்தபடி.

விஷயத்தைச் சொன்னேன். சரோஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

"யாரு அது?"

"தெரியல. நீங்க போனதும் அழுகை வந்திருச்சு. அம்புட்டு பயம். அந்தம்மா வந்து உக்காந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. கையை மட்டும் விடவே இல்ல."

அவளுக்காகத்தானே ஓடினேன்? அப்படித்தான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் — என் பயத்தோடு ஓரிடத்தில் உட்கார முடியாமல்தான் ஓடியிருக்கிறேன். நம்மில் பலர் இப்படித்தான். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு காபிக்கு அலைவோம். அலைச்சலுக்கு அக்கறை என்று பெயர்.

வாசலில் கைடு விசிலடித்தார். பாதி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் கால் மணி நேரம் லேட். நாற்பது பேரும் முறைத்தார்கள்... முறைக்கட்டுமே.