திருப்பூரிலிருந்து மாமன் மடிக்கு

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருப்பூரிலிருந்து கிளம்பினோம். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து குன்னூர் முப்பத்து நான்கு. ஒரு ராத்திரி தங்கலும் சேர்த்து வாடகைக் காருக்கு ஆறாயிரம் ரூபாய். பயணத்தின் நோக்கம், என் இரண்டரை வயது மகள் மித்ராவுக்குக் காது குத்துவது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் சீர்த்தட்டோடு குழந்தையின் ஊருக்கு வருவதுதான் முறை. ஆனால் என் மனைவி சுகந்தியின் அண்ணன் செல்வராஜ் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். ஆனி மாதம், மழை பெய்து கொழுந்து வந்து குவிகிற சமயம். சேர்ந்தாற்போல் லீவு கிடைக்காது. "மாமன் வர முடியலைன்னா காது மாமன்கிட்டப் போகட்டும்" என்று சுகந்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பெற்ற அப்பன் நான். என் மடிக்கு என்ன குறைச்சல் என்று யாரும் கேட்கவில்லை.

என் வயிற்றெரிச்சலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பனியன் கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்ப்பவன். வீடு திரும்பும்போது மித்ரா தூங்கியிருப்பாள். செல்வராஜ் மச்சானோ தினமும் சாயங்காலம் போனில் முகம் காட்டிப் பேசுவார். ஒரு நாள் தேயிலைக்குள் மேயும் காட்டெருமையைக் காட்டுவார், ஒரு நாள் கூரையில் குதிக்கும் குரங்கைக் காட்டுவார். முப்பத்தெட்டு வயதாகியும் மனிதருக்குப் பெண் அமையவில்லை. அவருக்கென்று இருக்கிற ஒரே குழந்தை இவள்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நான் தூக்கினால், "மாமா போன்?" என்று என் சட்டைப்பையைத் தடவுகிற மகளை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவுதான் பெருந்தன்மையாக இருப்பது?

அவினாசி தாண்டுவதற்குள் மித்ரா ஒரு செருப்பை ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டாள். டிரைவர் பழனிச்சாமி வண்டியை ஓரங்கட்டி, நடந்து போய் எடுத்து வந்தார். கையில் வாங்கியவள் இன்னொரு செருப்பையும் போட்டாள். "ஏனுங்க, பாப்பாவுக்கு வெறுங்காலே போதுமுங்க" என்றார் பழனிச்சாமி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மாமா ஊது வந்துச்சா?" என்று ஒரு கேள்வி. 'ஊரு' அவள் வாயில் 'ஊது'. மேட்டுப்பாளையத்தில் இட்லி ஊட்டப் பார்த்தேன். முதல் விள்ளலை என் சட்டையிலும் இரண்டாவதைப் பக்கத்து மேசைக்காரரின் காபி டம்ளரிலும் வைத்தாள். அவர் நல்லவர், வேறு காபி வாங்கிக்கொண்டார்.

கல்லாறு கடந்து மலை ஏறத் தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. பர்லியாரில் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. எல்லோரும் தங்கள் பாட்டில்களை ஒரு பெரிய டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மித்ராவுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. என் கையிலிருந்து எட்டிக் குனிந்து அவளும் ஒன்றைப் போட்டாள். அது என் செல்போன்.

தோள் வரை கையை விட்டுப் பாட்டில்களுக்கு நடுவே துழாவினேன். சோதனை செய்தவர், "சார், நீங்க போடத்தான் செய்யோணும், எடுக்கக் கூடாதுங்க" என்றார். விஷயம் தெரிந்ததும் அவரும் சேர்ந்து துழாவிப் போனை எடுத்துக் கொடுத்தார். மித்ரா சாவகாசமாக எனக்கு விளக்கம் சொன்னாள். "மாமா ஊது வந்துச்சு. போன் வேனாம்." அவளைப் பொறுத்தவரை எந்தப் போனும் மாமாவைப் பார்க்கிற ஜன்னல், அவ்வளவுதான். மாமாவே கிடைக்கப்போகும்போது ஜன்னல் எதற்கு? பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கிய அப்பனின் போன் என்பதெல்லாம் அவள் கணக்கில் இல்லை. அங்கே பழக்கடையில் மங்குஸ்தான் கிலோ நானூறு என்றார்கள். மச்சானுக்குப் பிடிக்கும் என்று சுகந்தி ஒரு கிலோ வாங்கினாள். எனக்கும் பிடிக்கும்.

பத்தரை மணிக்குக் குன்னூர் தாண்டி, எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் மச்சான் வீட்டு வாசலில் இறங்கினோம். மச்சான் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் காத்திருந்தார். "வாங்க மாப்ள, வா சுகந்தி, அம்மிணீ!" என்று இரண்டு கையையும் விரித்தார். அப்போது ஒரு அதிசயம் நடந்தது. மித்ரா ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். போனில் உள்ளங்கை அளவே இருந்த மாமா ஆறடி உயரத்தில் நின்றது அவளைப் பயமுறுத்திவிட்டது. "புது ஆளுன்னு நினைச்சுட்டா மச்சான், விடுங்க, பழகட்டும்" என்று மிகுந்த அனுதாபத்தோடு சொன்னேன். அன்றைய நாளில் நான் அனுபவித்துப் பேசிய ஒரே வாக்கியம் அது.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. மச்சான் குனிந்து காட்டெருமை மாதிரி உறுமினார். குரல் பிடிபட்டுவிட்டது. மித்ரா மெல்லப் பக்கத்தில் போய் அவர் ஸ்வெட்டரை மோந்து பார்த்தாள். ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களின் உடுப்பில் வாடிய கொழுந்தின் மணம் ஏறியிருக்கும். துவைத்தாலும் போகாது. இன்னொரு முறை மோந்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டவள் சாயங்காலம் வரை இறங்கவில்லை. அவர் கையால் மூன்று தோசை தின்றாள். வீட்டில் அரைத் தோசைக்கு நாங்கள் படுகிற பாடு ஊருக்கே தெரியும்.

"பாத்தீங்களா மாப்ள, அம்மிணி எப்படிச் சாப்பிடறா!" என்று மச்சான் பூரித்தார்.

"மலைக் குளிருக்குப் பசிக்குமுங்க" என்றேன்.

சுகந்தி என்னைத் தனியாக அழைத்து, "ஏனுங்க, மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கறீங்க? வருசம் பூராவும் உங்ககூடத்தான இருக்கறா?" என்றாள். இருக்கிறாள், தூங்கிக்கொண்டு இருக்கிறாள் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

ஞாயிறு காலை தூறலும் மூடுபனியுமாக விடிந்தது. நான் கொண்டுவந்திருந்த மேல்சட்டை திருப்பூர்க் குளிருக்கானது. பல் கிடுகிடுக்க நின்றவனுக்கு மச்சான் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றேன். பின்னாலிருந்து ஓடி வந்த மித்ரா என் தொடையைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்து ஆழமாக மூச்சிழுத்தாள். என் உள்ளமெல்லாம் குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முகம் தொங்கிப்போனது. "அப்பா..." என்றாள், கடையில் கேட்ட மிட்டாய் இல்லையென்றால் வருகிற குரலில். ஸ்வெட்டரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குளிரே மேல்.

ஒன்பது மணிக்கு எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் சடங்கு. மச்சான் தட்டில் பட்டுப்பாவாடை, வளையல், வாழைப்பழம், நடுவில் சின்னதாக ஒரு ஜோடித் தங்கக் கம்மல் எல்லாம் வைத்திருந்தார். குன்னூர் பஜாரிலிருந்து ஆசாரி வந்திருந்தார். மச்சான் சம்மணமிட்டு உட்கார்ந்தார், மித்ரா ராணி மாதிரி அவர் மடியில் ஏறிக்கொண்டாள். நான் பக்கத்தில் போனேன்.

"அப்பன் தள்ளி நில்லுங்க. மாமன் பாத்துக்குவாரு" என்றார் ஆசாரி. தள்ளி நின்றேன். மணி அடிக்கவாவது விடுவார்களா என்று பார்த்தேன், அதற்கும் ஆள் இருந்தது.

சந்தனத்தால் பொட்டு வைத்து, ஆசாரி வலது காதில் குத்தினார். மித்ரா திரும்பி, தன்னை இறுக்கிப் பிடித்திருந்தது யார் கை என்று பார்த்தாள். மாமன் கை. கோயில் ஓடு அதிர ஒரு அலறல், கூடவே மாமன் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை. "மாமா வேனாம்! மாமா போ!"

இடது காது பாக்கி இருந்தது. "நல்லாப் புடிங்க" என்றார் ஆசாரி. தினமும் மூட்டை மூட்டையாகக் கொழுந்து தூக்குகிறவர் பிடியைத் தளர்த்திவிட்டார். "என்னால முடியலீங்க" என்று சொன்ன மச்சானின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, அவரேதான் பிடித்தார். இரண்டாவது காதும் முடிந்த கணத்தில் மித்ரா மடியிலிருந்து உருவிக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி, "அப்பா! அப்பா!" என்று கையை நீட்டியபடி என்னிடம் வந்தாள்.

தூக்கினேன். அன்று முழுக்க அவள் என் தோளிலேயே இருந்தாள். பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவும் நன்றாக இருந்தது. அலகு குத்தித் தேர் இழுத்தவனைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லைன் வீடுகள் நெடுக அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மச்சான் வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு பின்னாலேயே வந்தார். உறுமிக் காட்டினார், குரங்கு மாதிரி தலையைச் சொறிந்தார். அவள் என் கழுத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தியிலும் அவர் தூரமாகத்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் வந்தால் அவள் அழுவாள் என்ற பயம்.

"குத்துனது ஆசாரி, கெட்ட பேரு எனக்கு" என்று சிரிக்கப் பார்த்தார்.

மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். இருட்டுவதற்குள் பர்லியாரைத் தாண்டிவிடலாம், மூடுபனி இறங்கினால் வண்டி ஓட்டுவது கஷ்டம் என்று பழனிச்சாமி அவசரப்படுத்தினார். மித்ரா என் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். சுகந்தி அண்ணனிடம் சொல்லிக்கொண்டு காரில் ஏறினாள். மச்சான் வர்க்கியையும் இரண்டு கிலோ தேயிலைத்தூளையும் பின்சீட்டில் வைத்தார். பிறகு இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தூங்குகிற பிள்ளையின் முதுகைக்கூட அவர் தொடவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் போன் பண்ணட்டுங்களா மாப்ள? இல்ல, ரெண்டு நாள் போகட்டுமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. என் மகளை யாராவது என்னிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று இரண்டு நாளாக உள்ளுக்குள் புழுங்கியவன் நான். கேட்டுவிட்டார். தாங்க முடியவில்லை.

"பண்ணுங்க மச்சான்" என்று சொல்லி, மித்ராவைத் தோளிலிருந்து மெல்ல எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்வெட்டரில் மூக்கை உரசினாள், ஒரு கை தானாக எழுந்து அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. "மாமா" என்று தூக்கத்திலேயே முனகினாள். மச்சான் அசையாமல் நின்றார்.

பழனிச்சாமி என்ஜினை ஓடவிட்டு, "போலாமுங்களா?" என்றார்.

"இருங்க, என்ன அவசரம்" என்றேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது.